நாலு விரல் துணி

டேப் அக்காவுக்குக் காலையிலிருந்தே வயிறு எரிந்துகொண்டிருந்தது. சாப்பிட்டது செரிக்காமல் வந்த எரிச்சலாக இருந்தால் ஒரு சோடாவில் அடங்கியிருக்கும். இது அடுத்த கடையில் சுவர் இடிக்கிற சத்தத்தில் வந்த எரிச்சல். டமார் டமார் என்று சம்மட்டி விழும்போதெல்லாம் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த கால் தானாக நின்றது. மேசை மேல் கிடந்த பொத்தான்கள் குதித்தன. கத்தரிக்கோல் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கே வந்துவிட்டது.

இடித்துக்கொண்டிருந்தது யாரோ எவரோ இல்லை, கூடப் பிறந்த தங்கைதான். வரிசையில் முதல் கடை அக்காவின் தையல் கடை. அதற்கு அடுத்தது தங்கையின் பேக்கரி. அதற்கும் அடுத்து ஒரு செருப்புக் கடை இருந்தது. அந்தச் செருப்புக்காரர் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட, மறுவாரமே தங்கை அந்தக் கடையையும் எடுத்துவிட்டாள். நடுச்சுவரை எடுத்து இரண்டையும் ஒன்றாக்குகிறாளாம். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பேனர் தொங்கியது: ‘விரிவாக்கப் பணி நடைபெறுகிறது. சிரமத்துக்கு மன்னிக்கவும்.’

“சிரமத்துக்கு மன்னிக்கவுமாம்! யாருக்குச் சிரமம்? எனக்குத்தான். பொதுவா எழுதுவானேன், என் பேரையே போட்டுற வேண்டியதுதானே” என்று அக்கா நூல்கண்டிடம் சொன்னாள். அந்த நேரத்தில் கடையில் வேறு ஆள் இல்லை.

சுவர் இடிவதுகூடப் பெரிதில்லை. அந்தச் சேதி அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் பெரிது. கால்சட்டை நீளம் குறைக்க வந்த ஒரு தபால்காரர், “உங்க தங்கச்சி கடை பெரிசாகுதாமே, சந்தோஷம்” என்றார். ஊருக்கெல்லாம் தெரிந்து, தபால்காரருக்கும் தெரிந்து, அப்புறம்தான் அக்காவுக்குத் தெரிகிறது! “ஆமா ஆமா, எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் செய்யறா” என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அந்தக் கோபத்தில் அவருடைய கால்சட்டையை இரண்டு விரல் கூடுதலாக வெட்டிவிட்டாள். பாவம், இன்றைக்கும் அந்த மனிதர் கணுக்கால் தெரியத்தான் தபால் கொடுக்கிறார்.

டேப் அக்கா என்கிற பெயர் எப்போது ஒட்டிக்கொண்டது என்று அவளுக்கே நினைவில்லை. கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் கிடையாது. கடைத்தெருவுக்குப் போனாலும் தொங்கும், கல்யாண வீட்டுக்குப் போனாலும் தொங்கும். அம்மா இறந்துபோனபோது அக்காவுக்கு வயது பதினெட்டு, தங்கைக்கு ஒன்பது. அன்றைக்கு மெஷினில் உட்கார்ந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. தங்கை போட்ட சட்டை, பள்ளிக்கூடச் சீருடை, கல்யாண உடுப்பு எல்லாம் இவள் கை பட்டவை. அந்தக் காலத்தில் தங்கை ஊசியில் கோத்துவிடலாம் போல ஒல்லியாக இருப்பாள். அதனால் அக்கா அவளை நூலு என்று கூப்பிட்டாள். இன்றைக்கும் அந்தப் பேர்தான்.

தையலில் அக்காவுக்கு ஒரு விடாப்பிடியான பழக்கம் உண்டு. யாருக்குத் தைத்தாலும் பக்கவாட்டில் உள்ளே நாலு விரல் துணி விட்டுத்தான் தைப்பாள். “மனுஷ உடம்பு என்ன மரக்கட்டையா, செஞ்ச அளவுலேயே நிக்க? இன்னிக்கு இருக்கிற இடுப்பு நாளைக்கு இருக்காது. உள்ள துணி இருந்தா பிரிச்சு விட்டுக்கலாம். இல்லைன்னா கிழிச்சுத் தூரப் போடணும்” என்பாள். துணி வீணாகிறது என்று முறைத்தவர்களும் இரண்டு வருஷம் கழித்து அதே சட்டையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வந்தவர்களில் ஒருவராவது நான் பருத்துவிட்டேன் என்று சொன்னதில்லை. சட்டை சுருங்கிவிட்டது என்பார்கள். தலைமை ஆசிரியர் ஒருவருடைய சட்டை ஐந்து தடவை சுருங்கியது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஊரில் சட்டைகள் சுருங்கக் காரணமே அடுத்த கடைதான். காலையில் வெண்ணெய் பன், மாலையில் கேக் என்று நூலு ஊரின் இடுப்பைப் பெருக்கிவிடுவாள். அக்கா உட்கார்ந்து பிரித்து விடுவாள். தங்கை கடை ஓடாவிட்டால் அக்கா கடையும் பாதி ஓடாது. அக்காவின் கணவர் ஒருநாள் இதைச் சிரித்துக்கொண்டே எடுத்துச் சொல்லிவிட்டு, அன்று ராத்திரி தனக்குத் தானே பரிமாறிக்கொண்டார்.

டேப் அக்காவுக்கு இன்னொரு பேரும் புகழும் இருந்தது. ஒரு பெண்ணின் இடுப்பில் டேப்பைச் சுற்றினால் போதும், அவள் வயிற்றில் இருப்பது அவளுக்கே தெரிவதற்கு முன்னால் அக்காவுக்குத் தெரிந்துவிடும். “ஏம்மா, இது சோத்துல வந்த சதை இல்ல. போய் டாக்டரைப் பாரு” என்பாள். பார்த்துவிட்டு வந்து அழுதவர்களும் உண்டு, இனிப்புக் கொடுத்தவர்களும் உண்டு. பருமன் எல்லாப் பக்கமும் பரவும், பிள்ளை முன்பக்கம்தான் டேப்பைத் தள்ளும் என்று இதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தாள்.

நூலுவுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியும் அந்தத் தள்ளல் வரவில்லை. இரண்டு தடவை வந்தது போல் வந்து, ஊரெல்லாம் சொல்லி முடித்த பிறகு ஒன்றுமில்லாமல் போயிற்று. அப்போதெல்லாம் அக்காதான் மெஷினை மூடிவிட்டு அவள் பக்கத்தில் படுத்துக் கிடந்தாள். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். நூலு கடை வைத்து, அடுப்பு மாற்றி, வண்டி வாங்கி, ஒவ்வொரு படியாக ஏற ஏற, அக்காவின் மனசுக்குள் ஒரு மூலையில் ஒரு குரல் உட்கார்ந்துகொண்டு, ‘எது இருந்து என்ன, அது இல்லையே’ என்றது. அந்தக் குரலை அவள் அதட்டினாள். அது போகவில்லை. அக்காவுக்கு ஒரு மகள் இருந்தாள், பத்தாம் வகுப்பு. தங்கையைவிடத் தன்னிடம் கூடுதலாக இருந்தது அது ஒன்றுதான் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

போதாக்குறைக்கு நூலுவின் நாத்தனார் வேறு. போன வருஷம் வந்து கல்லாவில் உட்கார்ந்தவள். “அண்ணி என்னைக் கேக்காம ஒரு முட்டைகூட உடைக்க மாட்டாங்க” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அதைக் கேட்கும்போது அக்காவுக்கு ஊசி விரலில் ஏறும்.

சுவர் இடித்த அன்று சாயங்காலம் மகள் சாப்பாட்டு மேசையில் பேனாவோடு உட்கார்ந்தாள்.

“அம்மா, விரிவுங்கிற சொல்லை எந்தெந்தத் துறையில என்னென்ன அர்த்தத்துல சொல்றாங்கன்னு எழுதிட்டு வரச் சொன்னாங்க.”

“ஏன், உலகத்துல வேற சொல்லே கிடைக்கலையா உங்க டீச்சருக்கு?”

கணவர் பாலங்களைப் பராமரிக்கிற துறையில் வேலை செய்பவர். அவர் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு ஆரம்பித்தார். “பாலத்து மேல போறப்ப வண்டி தடக் தடக்குனு சத்தம் போடும் பாரு, அங்க இடைவெளி விட்டிருக்கும். வெயில்ல இரும்பு நீளும். நீள இடம் இல்லைன்னா ஒண்ணையொண்ணு முட்டித் தூக்கிக்கும். அந்த இடைவெளியில மண்ணு அடைச்சுக்காமப் பார்த்துக்கிறதுதான் என் வேலையே.”

“அது இயற்பியல். எழுதிட்டேன். கணக்குல அடைப்புக்குறியைப் பிரிச்சு எழுதினா விரிவு. அப்புறம் வானத்துல எல்லாமே ஒண்ணைவிட்டு ஒண்ணு தள்ளிப் போய்க்கிட்டே இருக்காம். அதுவும் விரிவுதான். எங்க போய் முடியும்னு யாருக்கும் தெரியாதாம்.”

“அதுக்கு முன்னாடி உங்க சித்தி கடை அங்க போய்ச் சேர்ந்துடும்” என்றாள் அக்கா.

“அது வணிகம். அதையும் எழுதிட்டேன்.”

“உங்க அம்மா வயித்தெரிச்சலை எந்தத் துறையில எழுதுவே?” என்றார் கணவர். “அதுவும் சூட்டுலதான் விரியுது.”

அக்கா எழுந்துபோய்ப் பாத்திரங்களைக் கழுவினாள். தட்டுகள் அன்றைக்குப் பட்ட பாடு தட்டுகளுக்குத்தான் தெரியும்.

இரண்டு நாள் கழித்து நூலு வந்தாள். கையில் ஒரு துணிப்பொட்டலம். பிரித்தால் கரும்பச்சையில் வழவழவென்று ஒரு துணி. தொட்டால் விரல் வழுக்கியது. அக்காவின் கடையில் இவ்வளவு நல்ல துணி வந்து வருஷக்கணக்காகிறது.

“திறப்பு அன்னிக்குப் போட்டுக்க எனக்கு ஒரு கவுன் தச்சுக் குடுக்கா. உனக்கும் சேர்த்துத்தான் வாங்கினேன். ரெண்டு பேரும் ஒரே துணியில வாசல்ல நிக்கணும்.”

“நான் எதுக்கு வாசல்ல? அதான் உன் நாத்தனா இருக்காளே நிக்கிறதுக்கு.”

“அக்கா, அளவு எடு” என்றாள் நூலு. கையைத் தூக்கிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றாள். முகத்தில் என்னவோ ஒரு சிரிப்பு. அக்கா அதைக் கடை பெருத்த சிரிப்பு என்று எடுத்துக்கொண்டாள்.

தோளை எடுத்தாள், மார்பை எடுத்தாள், இடுப்புக்கு வந்தாள். பழைய அளவு அவளுக்கு மனப்பாடம். டேப் இரண்டு விரல் தள்ளி நின்றது. நூலு மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியாக அக்காவின் முகத்தையே பார்த்தாள். அக்கா டேப்பைப் பார்த்தாள். அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் புது அடுப்பு, புது வண்டி, இடித்த சுவர், அந்தப் பேனர்.

“இடுப்பு கூடியிருக்கு” என்றாள்.

“கூடியிருக்கா?” நூலுவின் குரல் ஒரு மாதிரி மெலிந்து வந்தது. “அப்புறம்?”

“அப்புறம் என்ன அப்புறம்? காசு சேர்ந்தா இடுப்பும் சேரும். ஊர் வழக்கம்தானே.”

நூலு தூக்கிய கையை இறக்காமலே நின்றாள். அக்கா கழுத்தை வளைத்து எடுத்து, கை நீளம் எடுத்து, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். “வேற ஒண்ணும் இல்லையாக்கா?” என்று கேட்டாள் நூலு. “வேற என்ன வேணும் உனக்கு? அதான் எல்லாம் இருக்கே” என்றாள் அக்கா. நூலு கையை இறக்கினாள். முகத்தில் சிரிப்பைக் காணோம். “தாராளமாத் தைக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

தாராளமாம்! அக்காவுக்கு அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. இன்னும் எவ்வளவு தாராளம் வேண்டும் இவளுக்கு? சம்மட்டிக்காரர்கள் அன்றைக்கு மிச்சச் சுவரையும் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மேசையில் பச்சைத் துணியை விரித்து, வெள்ளைச் சாக்பீஸால் கோடு போட்டாள். கை வழக்கம்போல நாலு விரல் தள்ளிப் போயிற்று. டமார் என்று ஒரு சத்தம். அவள் அந்தக் கோட்டைத் தட்டி அழித்தாள். உடம்பு அளவுக்கு ஒட்டி, தையலுக்கு மட்டும் துளி விட்டு, புதுக் கோடு போட்டாள். இத்தனை வருஷத்தில் எதிரிக்குக்கூட அவள் அப்படி வெட்டியதில்லை. கத்தரி போன பிறகு நெஞ்சு ஒரு தடவை திக்கென்றது. ‘போகட்டும், அளவோட இருக்கட்டும், அவ அளவு அவளுக்குத் தெரியட்டும்’ என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். தனக்கு வெட்டும்போது மாத்திரம் நாலு பக்கமும் நாலு விரல் விட்டாள்.

போட்டுப் பார்க்கக் கூப்பிடவில்லை. மூன்று வாரம் நாளைக் கடத்தி, திறப்புக்கு முந்தின நாள் மாலை மகளிடம் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் காலை அக்கா தன் பச்சைக் கவுனை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டு, திறப்புக்குப் போவதா, தலைவலி என்று வீட்டிலேயே கிடப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் நூலு கடைக்குள் நுழைந்தாள். மேலே ஒரு பெரிய துப்பட்டாவைப் போர்த்தியிருந்தாள். உள்ளே வந்ததும் திரையை இழுத்து விட்டுவிட்டு துப்பட்டாவை எடுத்தாள். கவுன் முதுகில் ஒரு சாண் திறந்து கிடந்தது. கொக்கிக்கும் வளையத்துக்கும் ஜென்மப் பகை போல இடைவெளி. இடுப்புப் பக்கத்தில் தையல் ஏற்கெனவே விட ஆரம்பித்திருந்தது.

“அட, இறுக்கிப் பிடிக்குதா? இரு இரு, பிரிச்சு விட்டுடலாம்” என்று அக்கா பரபரப்பாகக் கவுனைக் கழற்றி வாங்கி, உள்பக்கம் திருப்பி, இல்லாத துணியை விரலால் தடவித் தேடுகிற மாதிரி ஒரு நாடகம் போட்டாள்.

“தேடாதேக்கா. அங்க ஒண்ணும் இல்ல. நேத்தே திருப்பிப் பார்த்துட்டேன்.”

அக்காவின் விரல் நின்றது.

“அம்மா செத்துப்போன அந்த வருஷம் எனக்கு ஒரு சட்டை தச்சே. பழைய திரைச்சீலையை வெட்டி. வீட்டுல துணியே இல்லாத நேரம். அதுலகூட நாலு விரல் விட்டிருந்தே. நான் கேட்டேன், எதுக்குக்கா இவ்ளோ துணி உள்ளன்னு. நீ வளருவேடீன்னே.” நூலு அந்த ஒட்ட வெட்டிய தையலைத் தொட்டுக் காட்டினாள். “இப்ப நான் வளரக் கூடாதாக்கா?”

அக்கா வாயைத் திறந்தாள். கடையில் வேலை அதிகம், அவசரத்தில் வெட்டிவிட்டேன், துணி போதவில்லை என்று மூன்று பொய் நாக்கு நுனி வரை வந்தது. பின்னால் ஆணியில் அவளுடைய கவுன் நாலு விரல் தாராளத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பின்னால் வைத்துக்கொண்டு எந்தப் பொய்யைச் சொல்வது?

“வயித்தெரிச்சல்டி” என்றாள். “வேற என்னத்தைச் சொல்ல? உன் சுவர் விழற சத்தம் கேட்டு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. எனக்குச் சொல்லாம ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கே. உன் நாத்தனாகிட்டச் சொல்லியிருக்கே. என்கிட்டச் சொல்லணும்னு தோணலையே உனக்கு.”

“சொன்னா உன் மூஞ்சி போற போக்கைப் பார்க்கணுமே. அதுக்குப் பயந்துதான்.” நூலு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கடை கெடக்குது விடு. இதை உன்கிட்டத்தான் முதல்ல சொல்லணும்னு அன்னிக்கு அளவு குடுக்க வந்தேன். சொல்லக்கூட வேணாம், உன் டேப்பே சொல்லிடும்னு நெனச்சேன். ஊர்ல போறவ வர்றவளுக்கெல்லாம் சொல்லுதே! ரெண்டு தடவை நானா வாயைத் திறந்து சொல்லி என்ன ஆச்சு? இந்தத் தடவை அக்கா கண்டுபிடிச்சுச் சொல்லட்டும், அப்பதான் நிலைக்கும்னு மனசுல ஒரு இது. என் வீட்டுக்காரர்கிட்டகூட இன்னும் சொல்லல. கையைத் தூக்கிக்கிட்டு நின்னேனேக்கா. நீ காசு சேர்ந்தா இடுப்பும் சேரும்னே.”

அக்காவின் கழுத்திலிருந்து டேப் நழுவித் தரையில் விழுந்தது. தங்கையின் இடுப்பைப் பார்த்தாள். முன்பக்கம்தான் தள்ளியிருந்தது. குருடிக்குக்கூடத் தெரியும்.

“எத்தனை மாசம்?”

“நாலு முடியப் போகுது. டாக்டர் எல்லாம் நல்லா இருக்குன்னுட்டாங்க.”

அந்த மூலையில் உட்கார்ந்து ‘அது இல்லையே’ என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த குரல் இப்போது என்ன சொல்கிறது என்று அவளே ஒரு நொடி பயந்துபோய்க் காது கொடுத்தாள். அது ஒன்றும் சொல்லவில்லை. பதிலுக்கு இவளுக்கு அழுகைதான் வந்தது. பெரிய அழுகை, மூக்கெல்லாம் ஒழுக. தங்கையைக் கட்டிக்கொண்டு தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். “பாவி, பாவி, கண்ணு இருந்தும் குருடி நான். என் கையை உடைச்சு அடுப்புல வெக்கணும்.”

“அப்புறமா வெக்கலாம். பதினோரு மணிக்குத் திறப்பு” என்றாள் நூலு.

அதைக் கேட்டதும் தையல்காரி விழித்துக்கொண்டாள். ஆணியிலிருந்து தன் கவுனை எடுத்தாள், மேசையில் போட்டாள், கத்தரியை எடுத்தாள்.

“அக்கா, அது உன்னோடது!”

“வாயை மூடிக்கிட்டு உக்காருடி. நிக்காதே, கால் வீங்கும்.”

கத்தரி கரகரவென்று போயிற்று. தன் கவுனின் இரண்டு பக்கத்தையும் நீளமாக உருவி, தங்கை கவுனின் பக்கத் தையலைப் பிரித்து, கைக்கடியிலிருந்து கீழ்வரை அகலமாக ஒரு துண்டு வைத்தாள். முதுகுக்கு ஒரு பட்டி கொடுத்தாள். உள்ளே எவ்வளவு துணி விட்டாள் என்று கேட்கவே வேண்டாம். நாலு விரல் பத்தாது என்று எட்டு விரல் விட்டாள். அடுத்த மாதமும் போடலாம், அதற்கு அடுத்த மாதமும் போடலாம். மெஷின் அன்றைக்கு ஓடிய ஓட்டம் அது வாங்கின நாளில்கூட ஓடியதில்லை. நூலு பக்கத்தில் உட்கார்ந்து, பிரித்த நூலை எல்லாம் ஒரு உருண்டையாகச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

திறப்புக்கு ஊரே வந்திருந்தது. சுவர் இருந்த இடத்தில் சுவர் இருந்ததற்கு அடையாளமே இல்லை. பளபளவென்று நீளக் கண்ணாடி அலமாரி, அதற்குள் வரிசை வரிசையாகக் கேக். பார்த்ததும் அக்காவுக்கு வயிற்றில் லேசாகச் சுள்ளென்றது. பழகின வயிறு, ஒரே நாளில் திருந்திவிடுமா? அவள் பழைய சாம்பல் நிறக் கவுனில், கழுத்தில் டேப்போடு, வாசலில் தங்கைக்குப் பக்கத்தில் நின்றாள். கணவர் கிட்டே வந்து, “உனக்கும் பச்சையில தச்சேன்னியே?” என்று கேட்டார். “துணி பத்தல” என்றாள். அவர் நூலுவின் பக்கவாட்டுத் துண்டைப் பார்த்தார், மனைவியின் சிவந்த கண்ணைப் பார்த்தார், மறுபேச்சுப் பேசாமல் ஒரு பன்னை எடுத்துக் கடித்தார்.

நாத்தனார் நடுவில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். “எல்லாம் நானும் அண்ணியும் கலந்து பேசித்தான். எங்க அண்ணி என்கிட்ட எதையுமே மறைக்க மாட்டாங்க.”

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். இந்தத் தடவை சிரிப்பை அடக்க.

அதற்குள் நாத்தனாரின் பார்வை நூலுவின் மேல் விழுந்து, இடுப்பில் நின்றது. “என்ன அண்ணி, புதுக் கவுன்ல கொஞ்சம் பூசினாப்பல தெரியறீங்க?”

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். நூலுவின் முகம் வெளுத்தது. அவள் கை தானாக வயிற்றுப் பக்கம் போகப் பார்த்தது. அக்கா அந்தக் கையைப் பட்டென்று பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“பூசாம என்ன செய்யும்?” என்றாள் டேப் அக்கா, கடை முழுக்கக் கேட்கும்படி. “காசு சேர்ந்தா இடுப்பும் சேரும். ஊர் வழக்கம்தானே!”

எல்லாரும் சிரித்தார்கள். நூலுவும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டச் சிரித்துக்கொண்டே, அக்காவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.